பாறையில் எஞ்சும் சிலிகா

பெங்களூரு நகரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்து அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. 'ஹள்ளி' என்பது சிற்றூரைக் குறிக்கும் சொல். எனினும் நகரம் இச்சிற்றூரை நெடுங்காலத்துக்கு முன்பே தன்னுள் அடக்கிக் கொண்டுவிட்டது. இத்தகைய பகுதிகளில் பழைய ஓட்டு வீடுகள் நின்ற மனைகளில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. அவற்றுக்கு அடித்தளம் தோண்டும்போது முதலில் செம்மண் வருகிறது. அதன் கீழே கையால் உதிர்க்கத்தக்க உளுத்த பாறை. அதற்கும் கீழே சாம்பல் நிறக் கடும்பாறை. அக்கடும்பாறையில் வெளிர் நிறப் பட்டைகளும் கருநிறப் பட்டைகளும் மாறி மாறி ஓடுகின்றன. சிற்சில இடங்களில் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பால் போன்ற வெண்ணிறக் கோடு ஒன்று செல்லும். நம் நாட்டுப்புறத்தார் வெங்கச்சங்கல் என்று வழங்குவது இதனையே. அறிவியலார் இதனைக் குவார்ட்ஸ் என்பர்.

பாறையைத் துளைக்கக் கம்ப்ரசர் இயந்திரம் வருகிறது. சிறிது நேரத்தில் எழும் வெண்தூசி, துளைப்பவரின் தலைமுடியிலும் இமைகளிலும் படிகிறது. தெருவில் செல்வோர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து விடுகின்றனர். துளைப்பவரோ நாள் முழுவதும் அங்கேயே நிற்கின்றார்.

இந்தப் பாறை எங்கிருந்து வந்தது? எரிமலை கக்கியதா? அதிலுள்ள வெண்மணி எவ்வாறு தோன்றியது? இவை புவியியல் மாணவர்க்கு மட்டும் உரிய வினாக்கள் போலத் தோன்றலாம். உண்மையில், அந்தத் துளையிடுபவரின் நுரையீரலுக்கும் இவ்வினாக்களின் விடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிலிகா என்பது யாது?

புவியின் மேலோட்டின் எடையில் ஏறத்தாழ 46 சதவீதம் ஆக்சிஜன். ஏறத்தாழ 28 சதவீதம் சிலிக்கன். இவ்விரண்டும் இணைந்து உருவாவதே சிலிகா. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள், முக்கோணக் கூம்பின் நான்கு முனைகளைப் போல நிற்கின்றன. இக்கூம்பே நாம் காணும் பெரும்பாலான பாறைகளின் செங்கல் எனலாம். ஆக்சிஜன் அணுக்களை ஒன்றுக்கொன்று பகிர்ந்து கொள்வதன் மூலம் இக்கூம்புகள் சங்கிலியாகவும், தகடாகவும், முப்பரிமாண வலையாகவும் கட்டப்படுகின்றன. இடையிடையே இரும்பு, மக்னீசியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம், அலுமினியம் முதலியவை சேரும்போது வெவ்வேறு கனிமங்கள் பிறக்கின்றன. வேறெதுவும் சேராமல் கூம்புகள் மட்டுமே ஒழுங்காகப் பிணைந்து நிற்குமாயின் அதுவே குவார்ட்ஸ்.

ஆகவே, ஒரு பாறையில் சிலிகா இரு நிலைகளில் இருக்கலாம். பிற தனிமங்களோடு கூடிக் கட்டுண்டு கிடப்பது ஒன்று. எதனோடும் கூடாமல் தனித்து நிற்பது மற்றொன்று. பின்னதைத் 'தனிச் சிலிகா' என்பர். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். பின்னர்க் கூறப்போவன யாவும் இதனைப் பற்றியே நிற்கின்றன.

குழம்பு பாறையாகும் விதம்

புவியின் ஆழத்தில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு மேலே எழுந்து வெளிப்பட்டு உறைந்தால் அது எரிமலைப் பாறை. வெளிப்படாமல் ஆழத்திலேயே மெல்ல உறைந்தால் அது ஆழ்நிலை அனற்பாறை. குளிரும் வேகமே படிகங்களின் அளவைத் தீர்மானிக்கிறது. மெல்லக் குளிரும் கிரானைட்டில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. விரைவில் குளிரும் பசால்ட்டில் அவை நுண்ணியவாக நின்று விடுகின்றன. மிக விரைவில் குளிர்ந்தால் படிகங்கள் தோன்றவே நேரமின்றி எரிமலைக் கண்ணாடி உண்டாகிறது. வாயுக் குமிழிகள் நிறைந்து நுரைத்த நிலையில் உறைவது நுரைக்கல்.

குழம்பின் நடத்தையை நிருணயிப்பது அதிலுள்ள சிலிகாவின் அளவாகும். பசால்ட்டுக் குழம்பில் சிலிகா 45 முதல் 52 சதவீதம் வரை இருக்கும். அது 1,000 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெளிப்பட்டு, தேன் போல ஓடி, நெடுந்தொலைவு பரவக்கூடியது. ரையோலைட் எனப்படும் குழம்பில் சிலிகா ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல். சிலிகாக் கூம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் இக்குழம்பு எளிதில் ஓடாது. அதனுள் அடைபட்ட நீராவியும் பிற வாயுக்களும் வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகி, பெரும் வெடிப்பாக முடிவதுண்டு.

இவற்றுக்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. மேற்கிந்தியாவில் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பசால்ட்டுக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்தோடித் தக்காணப் படிப்பாறைகளை உருவாக்கிற்று. இன்றும் அவை சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் எஞ்சியுள்ளன. பெலகாவி, விஜயபுரா, கலபுரகி, பீதர் ஆகிய வட கருநாடக மாவட்டங்களின் கரிசல் நிலம் இப்பாறை உளுத்துப் பிறந்ததே. உடுப்பி மாவட்டத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரித் தீவுகளில், சிலிகா மிகுந்த எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்குகையில் பல பட்டைத் தூண்களாகப் பிளந்து நிற்பதைக் காணலாம். ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தோடு தொடர்புடையது அது. சித்ரதுர்கா மாவட்டத்து மரடிஹள்ளியில், தொல்கடலின் அடியில் கசிந்த பசால்ட்டுக் குழம்பு நீர் பட்டு உறைந்து தலையணைகளை அடுக்கி வைத்தாற்போல் கிடக்கின்றது. இன்றும் உயிரோடுள்ள எரிமலையைக் காண வேண்டுமாயின் அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவுக்குச் செல்ல வேண்டும். 1787இல் அது குமுறியது பதிவாகியுள்ளது. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் விழித்துக் கொண்டது.

எஞ்சும் சிலிகா

இனி, ஜீவனஹள்ளியின் அடிப்பாறைக்கு வருவோம். அது எரிமலை கக்கிய பாறை அன்று. நகரின் லால்பாக் தோட்டத்தில் வெளித்தெரியும் குன்றும் இதே இனத்தைச் சேர்ந்தது. 1916இல் மைசூர் புவியியல் துறையைச் சேர்ந்த டாக்டர் டபிள்யூ. எஃப். ஸ்மீத் இதற்குத் 'தீபகற்ப நைஸ்' என்று பெயரிட்டார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை லால்பாக் குன்றைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. இவ்வினப் பாறைகளின் வயது 250 கோடி முதல் 340 கோடி ஆண்டுகள் வரை என்று மதிப்பிடப்படுகிறது.

எரிமலைப் பாறை அன்று எனினும், அதன் முன்னோர் அவ்வினத்தவரே. பழம்புவியின் பசால்ட் வகைப் பாறைகள் ஆழத்தில் புதைந்து, வெப்பத்தால் பகுதியளவு உருகின. பாறை உருகும்போது முழுவதும் ஒருங்கே உருகுவதில்லை. சிலிகா மிகுந்த பகுதியே முதலில் உருகிப் பிரிகிறது. அவ்வாறு பிரிந்த குழம்பு மேலெழுந்து, ஆழத்திலேயே உறைந்து, பின்னர் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் பட்டை பட்டையாக உருமாறியது. இதுவே நம் நைஸ். நகருக்கு மேற்கே ராமநகரத்துக் குன்றுகளாக எழுந்து நிற்கும் குளோஸ்பேட் கிரானைட், மேலும் ஒரு முறை இவ்வாறு உருகியதால் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் விளைந்தது. ஒவ்வொரு முறை உருகிப் பிரியும்போதும் சிலிகாவின் பங்கு கூடுகிறது. கண்டங்கள் சிலிகாச் செறிவு பெற்றது இவ்வகையில்தான்.

குழம்பு உறையும்போது நிகழ்வதும் கருதத்தக்கது. இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமங்கள் முதலில் படிகமாகி விலகுகின்றன. பின்னர் ஃபெல்ஸ்பார் எனும் கனிமம், கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றோடு சிலிகாவையும் தனக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் கொடுத்தபின் மிச்சம் உள்ள சிலிகாவே கடைசியில் குவார்ட்ஸாகப் படிகிறது. பசால்ட்டில் மிச்சம் ஏதும் இல்லை எனலாம். அதில் பாதியளவு சிலிகா இருந்தும் அனைத்தும் பிற கனிமங்களில் கட்டுண்டு விடுகின்றது. நைஸ், கிரானைட் ஆகியவற்றிலோ நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை தனிக் குவார்ட்ஸ் எஞ்சி நிற்கிறது.

இந்த மிச்சமே மனிதனுக்குப் பெருஞ்செல்வமாக அமைந்தது. வெயிலும் மழையும் பட்டு ஃபெல்ஸ்பார் களிமண்ணாகின்றது, குவார்ட்ஸ் அழிவதில்லை. ஆறுகள் அடித்துச் செல்லும் மணல் பெரும்பாலும் அதுவே. கண்ணாடிக்கு மூலப்பொருள் அதுவே. குவார்ட்ஸைக் கரியோடு சேர்த்து மின்னுலையில் சுமார் 2,000 டிகிரி வெப்பத்தில் உருக்கிச் சிலிக்கனைப் பெறுகின்றனர். மின்னணுச் சில்லுகளும் சூரிய மின்பலகைகளும் அதிலிருந்தே உருவாகின்றன. கைக்கடிகாரத்தினுள் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தை அளப்பதும் ஒரு சிறு குவார்ட்ஸ் துண்டுதான்.

நீர் கொணரும் சிலிகா

குழம்பின் மிச்சமாகத் தோன்றுவது குவார்ட்ஸின் ஒரு பிறப்பு. நீரின் வழியாகத் தோன்றுவது மற்றொரு பிறப்பு. சாதாரண நீரில் சிலிகா மிகச் சிறிதளவே கரையும். ஆனால் புவியின் ஆழத்தில், உயர்ந்த வெப்பமும் அழுத்தமும் கொண்ட நீரில் அது மிகுதியாகக் கரைகிறது. அந்நீர் பிளவுகளின் வழியே ஏறிக் குளிரும்போது தான் சுமந்து வந்த சிலிகாவைப் பிளவின் சுவர்களில் இறக்கி வைக்கிறது. ஜீவனஹள்ளியின் அடிப்பாறை போன்றவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வெண்கோடுகள் இவ்வாறு உண்டானவை.

தக்காணப் பசால்ட்டிலும் நீர் இப்பணியைச் செய்துள்ளது. குழம்பு உறையும்போது அதன் மேற்பகுதியில் வாயுக் குமிழிகள் வெற்றறைகளாக நின்றுவிட்டன. பின்னர்ப் பாறையினூடே ஊறிய நீர் சிறிது சிறிதாகச் சிலிகாவைக் கொணர்ந்து அவ்வறைகளின் சுவரில் மெல்லிய படலங்களாகப் பூசியது. வளையம் வளையமாகத் தோன்றும் அகேட் எனும் மணிக்கல் இங்ஙனம் பிறந்தது. அறையின் நடுவில் இடம் எஞ்சியபோது அங்கே குவார்ட்ஸ் படிகங்கள் உள்நோக்கி வளர்ந்தன. சிறிதளவு இரும்பு கலந்த இடத்தில் ஊதா நிறச் செவ்வந்திக்கல் தோன்றியது. குஜராத்தில் ரத்தன்பூர்ப் பகுதியில் தோண்டி எடுக்கப்படும் இவ்வினக் கற்களைச் சூடேற்றினால், அவற்றிலுள்ள இரும்பு சிவந்து சூதுபவளமாகின்றது. சிந்துவெளி மக்கள் இக்கலையை அறிந்திருந்தனர். அவர்களது சூதுபவள மணிகள் மெசப்பொட்டேமியாவின் ஊர் நகரக் கல்லறைகள் வரை சென்றுள்ளன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளிலும் சூதுபவளம், படிகம், அகேட் ஆகியவற்றாலான மணிகளும், மணி செய்யும்போது கழிந்த சில்லுகளும் கிடைத்துள்ளன.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் நீரும் சிலிகாவும் சேர்ந்து மரத்தையே கல்லாக்கியுள்ளன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்களின் நுண்ணறைகளில் சிலிகா புகுந்து, மரம் அழிய அழிய அதனிடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. ஆண்டு வளையங்களும் கணுக்களும் மாறாமல் கற்றூண்களாகக் கிடக்கும் அம்மரங்கள் இன்று தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன.

கோலாருக்குச் செல்லும் பாதை

ஜீவனஹள்ளிக்கு அருகிலுள்ள பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தைக் கடந்து செல்லும் பாதை பங்காருப்பேட்டையில் கிளைபிரிந்து மாரிக்குப்பம் சென்று முடிகிறது. கோலார் தங்கவயலின் கடைசி நிலையம் அது. எரிமலைப் பாறையும், நீர் கொணர்ந்த குவார்ட்ஸும், தமிழர் உழைப்பும் ஒருங்கே சந்தித்த இடமும் அதுவே.

கோலார்ப் பாறைப் பட்டை சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய பசால்ட்டுக் குழம்பு பின்னர் உருமாறிக் கருநிறப் பாறையாக அங்கே நிற்கிறது. அப்பாறையின் பிளவுகளில் வெந்நீர் குவார்ட்ஸையும் அதனுடன் தங்கத்தையும் படியச் செய்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே பணி தொடங்கினர். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் ஆக்கிய மின்சாரம் இச்சுரங்கங்களுக்காகவே நெடுந்தொலைவு கொண்டு செல்லப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தன. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக இயங்கி, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அதற்குள் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டிருந்தது. சுரங்கம் மூடியபின், பலர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் திரும்பும் வாழ்வை மேற்கொண்டனர்.

தங்கத்தின் எடை கணக்கில் உள்ளது. தங்கத்தோடு வெட்டப்பட்ட குவார்ட்ஸின் தூசியோ தொழிலாளர்களின் நெஞ்சில் தங்கியது. சிலிகோசிஸ் எனப்படும் நுரையீரல் நோய் நம் நாட்டில் முதன்முதலாக முறையாக ஆராயப்பட்ட இடங்களுள் கோலார் தலையாயது. 1940களிலேயே அங்கு அது பரவலாக இருந்தமை மருத்துவ ஆய்வுகளில் வெளிப்பட்டது.

தூசியின் தன்மை

ஆற்று மணலில் விளையாடும் குழந்தைக்கு இந்நோய் வருவதில்லை. மணலும் குவார்ட்ஸே, எனினும் அதன் பருக்கைகள் பெரியவை, மூக்கைத் தாண்டி உள்ளே செல்ல மாட்டா. குவார்ட்ஸைத் துளைக்கும்போதும், உடைக்கும்போதும், அரைக்கும்போதும் எழும் தூசியில் 5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் உண்டு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்துகள்கள் கண்ணுக்குத் தெரியா. காற்றில் நெடுநேரம் மிதக்கும். நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்லும்.

அங்கே உடலின் காவல் அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் குவார்ட்ஸைச் செரிக்க இயலாமல் அவ்வணுக்களே மடிகின்றன. மடிந்த இடத்தில் அழற்சி ஏற்பட்டுத் தழும்பு விழுகிறது. விடுபட்ட துகளை மற்றோர் அணு விழுங்குகிறது. மீண்டும் அதே கதி. ஆறுகளும் பருவங்களும் கோடி ஆண்டுகளில் அழிக்க முடியாத கனிமத்தை மனித உடல் எவ்வாறு அழிக்க இயலும்? தழும்புகள் பெருகி, நுரையீரல் இறுகி, சில அடி நடப்பதற்கும் மூச்சு வாங்கும் நிலை உண்டாகிறது. வேலையை விட்ட பின்னும் நோய் வளர்வதுண்டு. இதனை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. இந்நோய் கண்டவர்களைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. காசநோய் என்றே கருதப்பட்டுச் சிலிகோசிஸ் கண்டறியப்படாமல் போவதும் உண்டு. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தொழிலிடங்களில் மூச்சோடு செல்லும் படிகச் சிலிகாவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

முன்னர்க் கூறிய 'எஞ்சும் சிலிகா' இங்கே முதன்மை பெறுகிறது. நம் நாட்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் ஓர் எளிய கணக்கு உண்டு. மூச்சோடு செல்லத்தக்க தூசியில் தனிச் சிலிகா எத்தனை சதவீதமோ, அவ்வெண்ணால் 15ஐ வகுக்க வேண்டும். கிடைக்கும் விடையே ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கத்தக்க தூசியின் உச்ச அளவு, மில்லிகிராமில். தூசியில் 5 சதவீதம் தனிச் சிலிகா எனில் 3 மில்லிகிராம். 30 சதவீதம் எனில் அரை மில்லிகிராம். தூய குவார்ட்ஸ் எனில் 0.15 மில்லிகிராம் மட்டுமே. கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு குழம்பு உறைந்த விதம், இன்று ஒரு தொழிலாளி எவ்வளவு தூசியைத் தாங்கலாம் என்பதை இவ்வாறு வரையறுக்கிறது.

கணக்கில் ஏறாத செலவு

பெருஞ்சுரங்கங்களுக்கு விதிகளும் ஆய்வாளர்களும் உள்ளனர். இன்னல் மிகுந்திருப்பது சிறு ஆலைகளிலும் வீட்டுப் பட்டறைகளிலுமாகும். கம்பாத் நகரில் அகேட் மணிகளைச் சாணையில் தீட்டும் தொழில் பெரும்பாலும் வீடுகளில் நடைபெறுவது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்கே ஆய்வுகள் நடத்தி, தீட்டுவோரிடையே மட்டுமன்றி அண்டை அயலாரிடையேயும் தூசியின் பாதிப்பு இருப்பதைக் கண்டது. தூசியை உறிஞ்சி அகற்றும் கருவிகளையும் வடிவமைத்தது.

மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களைச் சேர்ந்த பழங்குடி மக்கள், குஜராத்தில் கோத்ரா போன்ற பகுதிகளிலுள்ள குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். இத்தகைய மாவு கண்ணாடித் தொழிலுக்கு வேண்டுவது. அவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே மாண்டனர். உயிரிழந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் ஆணையிட்டது. பொருளாதாரம் பயின்றோர் இதனைப் புறச்செலவு என்பர். அதாவது, கண்ணாடியின் விலையில் சேராமல், அதனை வாங்குபவரோ விற்பவரோ ஏற்காமல், மூன்றாமவர் தலையில் விழும் செலவு. இங்கே அந்த மூன்றாமவர் அச்செலவைத் தம் மூச்சால் செலுத்தினார். நாட்டின் உற்பத்தி மதிப்பில் கண்ணாடி கூட்டப்படுகிறது. இழந்த உழைப்பு ஆண்டுகள் எங்கும் கழிக்கப்படுவதில்லை.

நகரங்களில் இதே கதை வேறு உருவில் தொடர்கிறது. வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் பதிப்பவர், வாசலில் அமர்ந்து சுழலும் வாளால் உலர்நிலையிலேயே கல்லை அறுக்கிறார். அவர் அறுக்கும் கல் எது என்பது முக்கியம். கடைகளில் 'கருப்பு கிரானைட்' என்று விற்கப்படுவது புவியியலார் நோக்கில் கிரானைட்டே அன்று. பசால்ட்டோடு உறவுடைய டோலரைட். அதில் தனிச் சிலிகா மிகக் குறைவு. வெளிர்நிறக் கிரானைட்டில் அது நான்கில் ஒரு பங்களவு உண்டு. பிசினால் ஒட்டிச் செய்யப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையிலோ 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். இத்தகைய பலகைகளை அறுத்த இளைஞர்கள் நோயுற்றதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அவற்றைத் தடை செய்துள்ளது. ஆற்று மணலுக்கு மாற்றாகப் பாறையை நொறுக்கி எம்-சாண்ட் செய்யும் ஆலைகளும் நம்மிடம் பெருகியுள்ளன. ஆறுகளைக் காக்கும் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. எனினும், ஆறு காலங்காலமாக நீருக்குள் செய்த வேலையை நாம் சில நொடிகளில் காற்றில் செய்கிறோம் என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கவை

இந்நோயைத் தீர்க்க வழியில்லை, தடுக்க வழியுண்டு. அவ்வழிகள் புதியனவும் அல்ல, பெருஞ்செலவு பிடிப்பனவும் அல்ல. துளைகருவியின் முனையில் நீர் பாய்ச்சுவதும், வாளின் மீது நீர் சொட்டவிடுவதும் தூசியைப் பெரிதும் அடக்கி விடும். மூடிய இடங்களில் தூசி எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சும் குழாய்கள் தேவை. முகத்தில் கட்டும் துணி நுண்துகள்களைத் தடுக்காது. தக்க வடிகட்டி பொருந்திய முகக்கவசமே பயன் தரும். அதுவும் இறுதிக் காப்பே அன்றி முதற்காப்பு ஆகாது.

இரண்டாவதாக, கண்டறிதல். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழும் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழும் சிலிகோசிஸ் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாயிற்று. 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய சட்டத்தொகுப்பிலும் அந்நிலை தொடர்கிறது. ஆனால், கண்டறிந்தால்தான் அறிவிக்க இயலும். இருமலோடு வரும் கல் தொழிலாளியிடம் "என்ன வேலை செய்கிறீர்?" என்று மருத்துவர் கேட்கும் ஒரு கேள்வியே பல நேரங்களில் காசநோயையும் சிலிகோசிஸையும் பிரித்தறிய முதற்படியாகும். பெங்களூருவில் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் உள்ளது. இத்தகைய மையங்களின் அறிவு வட்டார மருத்துவமனைகள் வரை சென்று சேர வேண்டும்.

மூன்றாவதாக, துயர்துடைப்பு. ராஜஸ்தான் அரசு 2019இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, சான்று பெற்ற நோயாளிகளுக்கும் இறந்தோர் குடும்பங்களுக்கும் நிதியுதவி அளிக்க வழி செய்தது. கல் தொழில் மிகுந்த பிற மாநிலங்களுக்கும் அது எண்ணிப் பார்க்கத்தக்க முன்னோடியாகும்.

இவற்றோடு, பொதுப்பணித் துறைகளும் நகராட்சிகளும் தம் ஒப்பந்தப் பத்திரங்களில் ஈரத் துளைப்பை ஒரு நிபந்தனையாக்கி, அதற்குரிய செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கலாம். சேர்த்தால், இதுவரை தொழிலாளி தனியே சுமந்த செலவு, அதன் பயனை நுகரும் நாம் அனைவரும் பகிர்ந்து கொள்ளும் செலவாக மாறும். அந்தத் தொகை ஒரு கட்டடத்தின் மொத்த மதிப்பில் மிகச் சிறிய பங்கே.

பாறைகள் தோன்றும் விதத்தை அறிவது வெறும் பள்ளிப்பாடம் அன்று. நீர்தான் பிளவுகளில் குவார்ட்ஸைக் கொணர்ந்து சேர்த்தது. இன்று அக்குவார்ட்ஸின் தூசியை அடக்க வல்லதும் அந்நீரே. ஜீவனஹள்ளியின் தெருவில் பாறையைத் துளைத்து நிற்பவருக்கு இன்று தேவைப்படுவது துளைகருவியோடு இணைந்த ஒரு நீர்க்குழாய். அதனை அவர் கையில் சேர்ப்பதும் வளர்ச்சிப் பணியேயாகும்.